தமிழை அகர வரிசையில் அடுக்க எந்த டேட்டாபேஸ் தேறும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூல் தலைப்பு, ஆள் பெயர், ஊர்ப் பெயர் என்று எதையாவது தமிழில் சேர்த்து வைத்து அகர வரிசையில் காட்ட வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் எடுங்கள், கூடவே ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் கொலேஷனையும் (வரிசை விதியையும்) போட்டுக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல் 8 முக்கால் கிணறு தாண்டுகிறது. எஸ்க்யூலைட் ‘இது என் வேலை இல்லை’ என்று கையை விரித்துவிடுகிறது, அதை ஒளிக்காமல் சொல்வதால் அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த மூன்றும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன, எங்கே எதை நம்பலாம் என்பதுதான் இனி. காரணம் வேண்டாம், முடிவு போதும் என்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், நஷ்டமில்லை.

எனக்கு இந்த ஒப்பீடு தேவைப்பட்டது ஒரு சின்ன நூலகத்தின் பட்டியலுக்காக. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், அலமாரி எண், அவ்வளவுதான். ஆனால் அதைப் புரட்டுகிறவர்கள் அச்சு அகராதி பார்த்துப் பழகியவர்கள், அதில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் உண்டு. ‘அன்பு’ என்று தொடங்கும் தலைப்பு, அ-வில் தொடங்கும் சொற்களின் கடைசிப் பகுதியில் இருக்கும் என்று நேராக அங்கே போய்த் தேடுவார்கள். இல்லையென்றால் புத்தகமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள், தேடல் பெட்டி என்று ஒன்று இருப்பதே கண்ணில் படாது. அது அவர்கள் தப்பும் இல்லை.

கொலேஷன் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். இரண்டு சொற்களைக் கொடுத்தால் எது முன்னால், எது பின்னால், அல்லது இரண்டும் ஒன்றுதானா என்று சொல்லும் விதித் தொகுப்பு அது. வரிசைப்படுத்தச் சொல்லி ஆர்டர் பை போடும்போது மட்டும் அது வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் அடுக்கப்படுவது அதன்படிதான், யூனிக் கட்டுப்பாடு ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொல்வது அதன்படிதான், தொகுக்கும் குரூப் பை, ஒரே மாதிரியானவற்றை நீக்கும் டிஸ்டிங்க்ட், டேபிள்களை இணைக்கும் ஜாயின் எல்லாவற்றுக்கும் அடியில் இதே விதிதான் ஓடுகிறது. எனவே ‘வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன’ என்று விட்டுவிடுகிற சமாசாரம் இல்லை.

சோதனைக்கு நான் எடுத்த சொற்கள் எல்லாம் சாதாரணமானவை. அகராதி முறைப்படி அவை இப்படி வர வேண்டும்: அஃது, அக்கா, அகம், அங்கு, அச்சு, அப்பா, அம்மா, அலை, அவன், அழகு, அளவு, அறிவு, அன்பு. இதே சொற்களைக் கொலேஷன் எதுவும் சொல்லாமல், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணின்படி, வெறும் பைட் வரிசையில் அடுக்கினால் வருவது இது: அஃது, அகம், அக்கா, அங்கு, அச்சு, அன்பு, அப்பா, அம்மா, அறிவு, அலை, அளவு, அழகு, அவன். கடைசியில் இருக்க வேண்டிய அன்பு, அப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. அறிவு, அலைக்கு முன்னால் வந்துவிட்டது. அழகுக்கு முன்னால் வர வேண்டிய அவன் கடைசிக்குப் போய்விட்டான். அக்கா, அகத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

இரண்டாவது சோதனை புள்ளிக்காக. பல், பல்லி, பல, பலகை, பலா. இதுதான் சரியான வரிசை, புள்ளி வைத்த மெய் முன்னால், உயிர்மெய் பின்னால். பைட் வரிசையில் இது பல, பலகை, பலா, பல், பல்லி என்று தலைகீழாகிறது. மூன்றாவதாக ஃபோன், ஃபேன் மாதிரியான சொற்கள்: ஆய்தம் ஔகாரத்துக்கு அப்புறம் வர வேண்டும், ஆனால் பைட் வரிசையில் ‘ஃபோன்’ அகரத்தையே தாண்டிக்கொண்டு பட்டியலின் தலையில் போய் நிற்கும். ஜன்னல் ஞாயிறுக்கு முன்னால் வரும். கிரந்த எழுத்துகள் கடைசியில் என்பது நம் அகராதி வழக்கம், அது அந்த எண்களுக்குத் தெரியாது.

ஏன் இப்படி என்று கேட்டால் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பு இந்திய மொழிகளுக்கு இடம் ஒதுக்கியபோது ஐஎஸ்சிஐஐ என்ற இந்தியக் குறியீட்டின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அதில் எல்லா எழுத்துமுறைகளும் தேவநாகரிக்கு இணையாக, ஒரே மாதிரி அடுக்கில் வைக்கப்பட்டன. தேவநாகரியில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று எழுத்துகள் உண்டு, தமிழில் இல்லை, எனவே நம் அட்டவணையில் அங்கே மூன்று கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன, இன்றும் பார்க்கலாம். நம்முடைய ன-வுக்கும் ற-வுக்கும் ழ-வுக்கும் தேவநாகரியில் தனி இடம் இயல்பாகக் கிடையாது. தென்னிந்திய ஒலிகளை எழுதுவதற்காக அங்கே ந, ர, ள ஆகியவற்றின் கீழே ஒரு புள்ளி வைத்துச் செய்த எழுத்துகள், அவற்றின் மூல எழுத்துகளுக்கு அடுத்த கட்டத்தில் போடப்பட்டிருந்தன. அந்த இடத்தில்தான் நம் ன, ற, ழ வந்து விழுந்தன. ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ள-வை அடுத்து ழ, அப்புறம்தான் வ. நாம் பள்ளியில் படித்த ய ர ல வ ழ ள ற ன இப்படித்தான் குலைந்தது.

இதற்காக யூனிகோடைத் திட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. பாதி நியாயம்தான் அது. எழுத்துக்குக் கொடுத்த எண் அடையாளத்துக்கு மட்டும், வரிசைக்கு அல்ல என்று யூனிகோடே சொல்கிறது. வரிசைக்கென்று தனியாக யுசிஏ என்ற வரிசைப்படுத்தும் முறையும், எல்லா எழுத்துக்கும் எடை போட்ட ஒரு பொது அட்டவணையும், அதன்மேல் ஒவ்வொரு மொழிக்கும் திருத்தம் சொல்லும் சிஎல்டிஆர் என்ற தொகுப்பும் இருக்கின்றன. எண் வரிசையும் எழுத்து வரிசையும் ஒன்றாகவே இருக்கும்படி டேஸ்16 என்ற குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஒரு தரமாக அறிவித்தது, அதில் கொலேஷனே தேவையில்லை, வெறும் பைட் வரிசையே அகர வரிசை. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் வாங்கும் ஃபோனிலும் திறக்கும் இணையதளத்திலும் அது வரப்போவதில்லை. இருப்பதை வைத்துத்தான் குப்பை கொட்ட வேண்டும்.

சரி, டேட்டாபேஸ் பெட்டிகளுக்கு வருவோம்.

மைஎஸ்க்யூஎல். 2018இல் வந்த 8.0இலிருந்து அதன் இயல்பு கொலேஷன் யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ. நீளமான பெயர் என்றாலும் உடைத்துப் பார்த்தால் எளிது: 0900 என்பது யுசிஏ பதிப்பு 9.0.0, ஏஐ என்றால் எழுத்தின் மேல் கீழ் வரும் ஒலிக்குறிகளைக் கண்டுகொள்ளாது, சிஐ என்றால் ஆங்கிலத்தின் பெரிய சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது. இதற்கு முந்தைய காலத்தில் இயல்பாக இருந்தது லத்தீன்1_ஸ்வீடிஷ்_சிஐ, ஏனென்றால் மைஎஸ்க்யூஎல்லை எழுதிய நிறுவனம் ஸ்வீடனில் இருந்தது. உலகம் முழுவதும், ஸ்வீடிஷ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட, ஸ்வீடன் நாட்டு வரிசையில் தங்கள் பெயர்ப் பட்டியலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், இன்னும் பழைய டேபிள்கள் பலவற்றில் அதுதான் ஓடுகிறது.

0900இல் தமிழ் எப்படி? முதல் சோதனையில் பெரும்பாலும் நன்றாகத்தான் வருகிறது. யுசிஏவின் பொது அட்டவணையில் தமிழ் மெய்கள் நம் மரபு வரிசையிலேயே எடை போடப்பட்டிருக்கின்றன, எனவே ல, வ, ழ, ள, ற, ன என்று ஒழுங்காக நிற்கின்றன, ஜ ஷ ஸ ஹ அதற்கு அப்புறம். அன்பு தன் இடத்துக்குப் போய்விட்டது, அவனும் திரும்பிவிட்டான். இந்த மட்டுக்கும் ஒரு சபாஷ். ஆனால் புள்ளியில் விழுகிறது. பொது அட்டவணையில் புள்ளிக்கு மெய்களையும் மற்ற உயிர்க்குறிகளையும்விட அதிக எடை, அதனால் அகம் முன்னால், அக்கா பின்னால், பல, பலகை, பலா முன்னால், பல், பல்லி பின்னால். தமிழில் புள்ளி வராத சொல் எத்தனை? ஒற்று மிகுகிற மொழி இது. ஆகவே பட்டியல் மேலோட்டமாகப் பார்த்தால் சரி மாதிரி இருக்கும், விரலை வைத்துத் தேடினால் சொல் கிடைக்காது. முழுக்கத் தப்பாக இருந்தால் யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இது அப்படிச் சிக்காது, அதுதான் எரிச்சல்.

தமிழுக்கென்று தனிக் கொலேஷன் போட்டு இதைச் சரிசெய்யலாமே என்றால், மைஎஸ்க்யூஎல் தரும் பட்டியலில் தமிழ் இல்லை. ஐஸ்லாந்து மொழி இருக்கிறது, லத்தீன் இருக்கிறது, எஸ்பெராண்டோ இருக்கிறது, சிங்களம்கூட இருக்கிறது, யுடிஎஃப்8எம்பி4_சிங்களா_சிஐ என்று. தமிழ் இல்லை. இலங்கையில் மும்மொழியிலும் தளம் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. சிங்களத்துக்கு யாரோ உட்கார்ந்து விதி எழுதி, அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், நாம் கேட்டது போதவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். சர்வரின் இண்டெக்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பில் நாமே விதி எழுதிச் சேர்க்கும் வழி ஒன்று உண்டு, ஆனால் வாடகை சர்வர்களில் அந்தக் கோப்பைத் தொட விடமாட்டார்கள், போதாக்குறைக்கு 8.0.33இலிருந்து அந்த வசதியே கைவிடப்படப்போகிற பட்டியலில் சேர்ந்துவிட்டது.

மிச்சமிருக்கும் வழி, வரிசைக்கென்று டேபிளில் தனியாக ஒரு காலம், அதாவது நெடுவரிசை, வைத்துக்கொள்வது. செயலியில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மரபு வரிசைப்படி ஒரு குறி கொடுத்து, அந்தச் சரத்தை பைனரி கொலேஷனோடு சேமித்து, அதன்மேல் ஆர்டர் பை போடுவது. இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் அதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்: புள்ளியை மட்டும் மிகச் சின்ன எடையுள்ள ஒரு குறியாக மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். பல்லி, பலகைக்கு முன்னால் வந்துவிடும், சரிதான். ஆனால் ‘பல’ என்ற சொல் ‘பல்’ என்பதைவிடக் குட்டையாக இருப்பதால் அது முதலில் வந்து நிற்கும். எனவே குறி எதுவும் இல்லாத மெய்க்குப் பின்னால் அகரத்துக்கு என்று ஒரு குறியைக் கட்டாயம் நுழைக்க வேண்டும், புள்ளிக்கு அதைவிடச் சின்னது. ல் என்பது ல்+0, ல என்பது ல்+1, லா என்பது ல்+2, இப்படி. நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதில்லை, மெய்யும் உயிரும் சேர்ந்தது உயிர்மெய். பைத்தானில் எழுதுகிறவர்கள் ஓபன்-தமிழ் நூலகத்தில் எழுத்தாகப் பிரிக்கும் வேலையும் ஒப்பிடும் வேலையும் தயாராக இருப்பதைப் பார்க்கலாம்.

இன்னொரு தொந்தரவு, பழைய டேபிள் யுனிகோட்_சிஐ-யிலும் புது டேபிள் 0900-யிலும் இருந்து இரண்டையும் ஜாயின் செய்தால் ‘கொலேஷன்கள் கலந்துவிட்டன’ என்று 1267 எண் கொண்ட பிழையைத் தூக்கிப் போடும். பதிப்பு மாற்றிய எல்லாரும் ஒரு தடவையாவது சந்தித்திருப்பார்கள். ஜப்பானியர் பாடு நம்மைவிட மோசம் என்று வேண்டுமானால் ஆறுதல் அடையலாம்: 0900_ஏஐ_சிஐ-யில் அம்மாவைக் குறிக்கும் ‘ஹாஹா’வும் அப்பாவைக் குறிக்கும் ‘பாபா’வும் ஒரே சொல், ஏனென்றால் ஹ-வை ப ஆக்கும் அந்தக் குட்டி வட்டத்தை அது கண்டுகொள்ளாது. அவர்களுக்குத் தனிக் கொலேஷன் வந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல்லுக்குத் தமிழ் வரிசையில் நான் தருவது 5க்கு 3.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல். இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே பெட்டிக்குள் மூன்று வேறு வேறு வரிசைகள் இருக்கின்றன, எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம். ஒன்று, இயங்குதளத்தின் சி நூலகம் தரும் வரிசை, பழைய காலத்திலிருந்து இருப்பது. இரண்டு, ஐசியு, 2017இல் வந்த பதிப்பு 10இலிருந்து டேபிளின் ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியாகவும், 2022இல் வந்த பதிப்பு 15இலிருந்து முழு டேட்டாபேஸுக்கும் இயல்பாகவும் வைத்துக்கொள்ளலாம். மூன்று, 2024இல் வந்த பதிப்பு 17இல் சேர்ந்த உள்ளமைந்த சி.யுடிஎஃப்-8, இது வெறும் குறியெண் வரிசை.

ஐசியு சிஎல்டிஆரின் தமிழ் விதியைச் சுமந்து வருகிறது. அதில் புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யும் தனி எழுத்தாக எண்ணப்பட்டு, அதன் அகர உயிர்மெய்க்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. எதுவும் நிறுவத் தேவையில்லை, ஐசியுவோடு கட்டிய போஸ்ட்கிரெஸில் டிஏ-எக்ஸ்-ஐசியு (டிஏ என்பது தமிழின் மொழிக் குறி) என்ற கொலேஷன் ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடு சேர்த்த பெயர்களும் பக்கத்திலேயே இருக்கும். ஆர்டர் பை தலைப்பு என்பதற்குப் பின்னால் கொலேட் என்று போட்டு அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதினால் போதும். மேலே சொன்ன பதின்மூன்று சொற்களும் தமிழாசிரியர் கையால் எழுதிக் கொடுத்த வரிசையில் வந்து நின்றன, பல், பல்லி, பல, பலகை, பலாவும் அப்படியே. அந்த நிமிடமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது, மிச்சமெல்லாம் உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

அதில் கூடுதலாகச் சில நல்ல விஷயங்கள் இருக்கின்றன. நாமே ஒரு கொலேஷன் உருவாக்கி, கேஎன் என்ற விசையைச் சேர்த்தால் எண்களை எண்ணாகவே பார்க்கும், ‘பகுதி 10’ வந்த பிறகு ‘பகுதி 2’ வருகிற அசிங்கம் இருக்காது. பல பாகமாக வந்த நாவல்களுக்கு இது பெரிய உதவி. கேஆர் என்ற விசையால் தமிழ் முன்னாலா ஆங்கிலம் முன்னாலா என்று நாமே சொல்லலாம். பதிப்பு 12இலிருந்து பைட் வேறாக இருந்தாலும் எழுத்து ஒன்றென்றால் சமம் என்று எண்ணும் கொலேஷனும் உண்டு. தமிழில் இதற்கு வேலை இருக்கிறது: ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம், ககரமும் கொம்பும் காலும் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சாதாரணக் கொலேஷனில் யூனிக் இண்டெக்ஸ் இரண்டையும் உள்ளே விட்டுவிடும். நான் இதற்கு அந்தக் கொலேஷனைப் பயன்படுத்துவதில்லை, உள்ளே வரும்போதே நார்மலைஸ் செய்து ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன், பதிப்பு 13இலிருந்து அதற்கு ஒரு ஃபங்ஷனே இருக்கிறது. ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ-வும் ள-வும் தட்டியவர்களை மட்டும் எந்தக் கொலேஷனும் காப்பாற்றாது.

குறைகளும் உண்டு. முதலாவது, இண்டெக்ஸ் ஒரு கொலேஷனிலும் ஆர்டர் பை இன்னொரு கொலேஷனிலும் இருந்தால் அந்த இண்டெக்ஸ் வரிசைக்கு உதவாது, ஒவ்வொரு முறையும் முழுவதையும் புதிதாக அடுக்கும். சின்னப் பட்டியலில் தெரியாது, பெரியதில் பக்கம் திறக்கவே யோசிக்கும். தமிழ் காலத்தின் வரையறையிலேயே கொலேஷனை எழுதிவிடுவது நல்லது. இரண்டாவது, ‘பல என்று தொடங்குவது’ மாதிரியான லைக் தேடலுக்கு இந்த இண்டெக்ஸ் பயன்படாது, அதற்கு டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் போட்டு இன்னொன்று கட்ட வேண்டும். லைக் எழுத்தைப் பார்க்காது, குறியெண்ணை மட்டும்தான் பார்க்கும், எனவே ‘பல%’ என்று கேட்டால் பல், பல்லி, பலா எல்லாமே வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மூன்றாவது குறை பெரியது, ஆனால் அது ஐசியுவைவிட சி நூலகத்தைச் சார்ந்தது. 2018 ஆகஸ்டில் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.28 வந்தபோது அதன் வரிசை விதிகள் மொத்தமாக மாறின. அமெரிக்க ஆங்கில லொகேலில், அதாவது மொழி-நாடு அமைப்பில், ‘11’க்கு அப்புறம் வந்துகொண்டிருந்த ‘1-1’ அதற்கு முன்னால் வந்துவிட்டது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டு வட்டில் கிடக்கிறது, தேடுவதோ புது விதியில். டெபியன் 10க்கோ ரெட்ஹேட் 8க்கோ இயங்குதளத்தை மட்டும் உயர்த்திவிட்டு அதே தரவுக் கோப்புகளோடு டேட்டாபேஸைத் திரும்ப ஓடவிட்டவர்களுக்கு, இருக்கிற வரி இல்லை என்று வந்தது, யூனிக் காலத்தில் ஒரே மதிப்பு இரண்டு தடவை நுழைந்தது. பிழைச் செய்தி எதுவும் வராது. எனக்கே ஒரு வாடகை சர்வரில், நிறுவனத்தார் இரவோடு இரவாக இயங்குதளத்தை மாற்றிவிட்டு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார்கள், காலையில் கண்ணெதிரே பட்டியலில் இருக்கும் புத்தகத்தைத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்றது. இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது. ஐசியுவிலும் பதிப்பு மாறினால் வரிசை மாறலாம், ஆனால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கொலேஷனின் பதிப்பு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, பொருந்தாவிட்டால் எச்சரிக்கிறது. எச்சரிக்கை வந்தால் முதலில் ரீஇண்டெக்ஸ், அப்புறம்தான் ரிஃப்ரெஷ் வெர்ஷன். சிலர் எச்சரிக்கை மறைந்தால் போதும் என்று இரண்டாவதை மட்டும் செய்கிறார்கள், அது வெறும் எண்ணை மாற்றும், இண்டெக்ஸ் அப்படியேதான் இருக்கும்.

டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். அல்பைன் என்று முடியும் சின்ன இமேஜில் மசல் என்ற வேறு சி நூலகம் இருக்கிறது, அது லொகேல் வரிசையைக் கண்டுகொள்வதே இல்லை, என்ன லொகேல் பெயர் கொடுத்தாலும் குறியெண் வரிசைதான். டெபியன் இமேஜில் வளர்த்த தரவை அதில் கொண்டுபோய் ஏற்றினால் மேலே சொன்ன அதே கூத்துதான். அதிலும் பதிப்பு 15இலிருந்து ஐசியு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

என் ஏற்பாடு இது: டேட்டாபேஸின் இயல்பு சி வரிசை, ஏனென்றால் ஐஎஸ்பிஎன், பயனர்பெயர், சாவி மாதிரியான காலங்களுக்கு மொழி வரிசை தேவையே இல்லை, வேகமும் அதில்தான். மனிதர் கண்ணால் பார்க்கும் தமிழ்க் காலங்களுக்கு மட்டும் டிஏ-எக்ஸ்-ஐசியு. 5க்கு 4.5. அந்த அரை மதிப்பெண்ணை இயல்பாக விட்டால் சி நூலகத்தையே எடுத்துக்கொள்வதற்காகக் குறைத்தேன்.

எஸ்க்யூலைட். இதில் இருப்பது மூன்றே கொலேஷன்: பைனரி, நோகேஸ், ஆர்ட்ரிம். நோகேஸ் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு மட்டும். தமிழுக்கு இந்த மூன்றும் ஒன்றே, அப்பாவுக்கு முன்னால் அன்பு. ஆனால் நாமே ஒரு ஒப்பீட்டு ஃபங்ஷன் எழுதி அதைக் கொலேஷனாகப் பதிவுசெய்ய இதில் கொடுத்திருக்கும் வசதி அருமை, பைத்தானில் கிரியேட்_கொலேஷன் என்று ஒரு வரி. ஐசியு நீட்சியைச் சேர்த்துத் தொகுத்தால் தமிழ் விதியும் வந்துவிடும். சிக்கல், அதே கோப்பை வேறு கருவியில் திறந்தால் ‘அப்படி ஒரு கொலேஷன் இல்லை’ என்று மறுத்துவிடும். ஆண்ட்ராய்டில் வரும் எஸ்க்யூலைட்டில் லோக்கலைஸ்ட் என்று ஒரு கொலேஷன் கூடுதலாக உண்டு, ஃபோனின் மொழிக்கேற்ப அடுக்கும். நம்மில் பெரும்பாலோர் ஃபோனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம், ஆகவே தமிழ்ச் சொற்களும் பொது அட்டவணைப்படிதான் போகும், அங்கே மறுபடியும் புள்ளிப் பிரச்சினை. தன் வேலைக்கு 5க்கு 5, தமிழ் வரிசைக்கு 2.

எஸ்க்யூஎல் சர்வர் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: இந்திய மொழிகளுக்கு இண்டிக்_ஜெனரல் என்று பொதுவாக ஒன்று உண்டு, அதைச் சர்வர் மட்டத்தில் வைக்க முடியாது, காலத்தில் வைக்கலாம், யூனிகோட் எழுத்துக்கான என்வார்ச்சார் வகையை மறந்தால் வரிசை இருக்கட்டும், எழுத்தே கேள்விக்குறியாகிவிடும். மோங்கோடிபி 3.4இலிருந்து ஐசியுவையே எடுத்துக்கொண்டதால் டிஏ என்று லொகேல் கொடுத்தால் போதும்.

எந்தப் பெட்டியும் தீர்க்காத ஒன்று நம் பெயர்களின் தலைப்பெழுத்து. ‘சு. முருகன்’ ச-வில் போகும், ‘எஸ். முருகன்’ எ-வில் போகும், இருவரும் ஒரே ஆளாக இருந்தாலும். தலைப்பெழுத்துக்குத் தனிக் காலம் வைத்துவிடுங்கள், பெயரில் அடுக்குங்கள்.

கடைசியாக, ‘இதெல்லாம் எதற்கு, பிரவுசரிலேயே அடுக்கிவிடலாமே’ என்பவர்களுக்கு. இண்ட்ல்.கொலேட்டருக்கு டிஏ என்று கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்டும் அதே சிஎல்டிஆர் விதியில் சரியாக அடுக்கும், உண்மைதான், அதைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸிலும் பதிப்பு 13இலிருந்து முழு ஐசியு கூடவே வருகிறது. முழுப் பட்டியலும் ஒரே தடவையில் இறங்கிவிடும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுகிற பட்டியல் என்றால் முதல் பக்கத்துக்கு எந்த வரிகள் என்று முடிவெடுப்பது டேட்டாபேஸ், அது தப்பான வரிகளை எடுத்துக் கொடுத்த பிறகு பிரவுசர் அவற்றை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் ‘அன்பு’ முதல் பக்கத்திலேயேதான் கிடக்கும்.